பாதி எழுதிய வெள்ளைச் சீட்டு

“எத்தனை மணிக்கு?” என்று கேட்டுவிட்டு, பேனா முனையை நோட்டின்மேல் ஊன்றிக்கொண்டு காத்திருக்கிறாள் மணியக்கா. எதிரே உட்கார்ந்திருப்பவன் அட்டை ஒட்டும் பிரிவுக்காரன். கண் சிவந்து, சட்டைக்கு மேல் சட்டை போட்டும் நடுக்கம் நிற்காமல் இருக்கிறான்.

“நேத்துலேர்ந்து சிஸ்டர்.”

“நேத்து முழுசா ஒரு நாள் இருந்துச்சே. அதுல எத்தனை மணிக்கு?”

“சாயங்காலம்...”

“சாயங்காலம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

அவன் யோசிக்கிறான். “சைக்கிளுக்குக் காத்தடிச்சிட்டிருந்தேன். பின் சக்கரம் முடிஞ்சுது. முன் சக்கரத்துக்குக் குனிஞ்சேன், யாரோ முதுகுல கட்டையால போட்ட மாதிரி இருந்துச்சு. அப்படியே உட்கார்ந்துட்டேன்.”

“அப்ப முன் சக்கரம்?”

“இன்னும் காத்தில்லாமத்தான் கிடக்கு.”

‘ஐந்தரை. முன் சக்கரம்’ என்று எழுதிக்கொள்கிறாள். எழுதி முடித்த பிறகுதான் காய்ச்சல் கோல் வெளியே வருகிறது.

நானூறு பேர் வேலை செய்யும் அச்சகம் அது. பள்ளிக்கூடப் புத்தகங்கள் அச்சாகி, மடிந்து, தைத்து, அட்டை ஒட்டி வெளியே போகின்றன. காகிதக் கிடங்குக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கும் மருத்துவ அறையில் இருபத்தோரு வருடமாக அவள்தான் நர்ஸ். மணியக்கா என்பது அவளுடைய பெயர் இல்லை. யார் வந்தாலும் மணி கேட்பதால் வந்த பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. முகத்துக்கு நேரே எல்லோரும் சிஸ்டர் என்பார்கள், கதவைத் தாண்டிய மறுகணம் மணியக்கா.

மணி கேட்பதற்கு அவள் ஒரு காரணம் வைத்திருக்கிறாள். “சளி பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி. எப்ப உள்ள வந்தான், எப்ப நாற்காலியை இழுத்துப் போட்டான்னு தெரியாது. ஃப்ளூ சம்பந்தி மாதிரி. வந்த நேரம் ஆயுசுக்கும் மறக்காது.” அடுத்த கேள்வி மூக்குக்கு. அச்சு மை துடைத்த பழைய துணி ஒன்றை மூடிபோட்ட டப்பாவில் வைத்திருக்கிறாள். திறந்து நீட்டுவாள். அந்த அச்சகத்தில் மை வாசனை தெரியாதவன் கிடையாது. மூக்கு அடைக்காமலேயே ஒருவன் “ஒண்ணும் தெரியலையே” என்றால் அவனுக்கு உடனே கொரோனாக் குச்சி. மூன்றாவது கேள்வி, “வீட்ல யார் யாருக்கு?” ஃப்ளூ ஒரு வீட்டுக்குள் போனால் ஒருவரோடு நிற்காது என்பது அவள் அனுபவம்.

இத்தனையும் கேட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடிப்பாள். நாடி பார்க்கிறாள் என்று வந்தவன் நினைத்துக்கொள்வான். அவள் பார்ப்பது அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை. மூச்சை எண்ணுகிறேன் என்று சொன்னால் எவனுக்கும் மூச்சு ஒழுங்காக வராதாம். மார்பில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரம் நாத்தனார் வாங்கிக் கொடுத்தது. நாத்தனாரோடு ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடுகிறது.

“பார்த்த உடனே சொல்லிடுவீங்களே சிஸ்டர், எத்தனை பேரைப் பார்த்திருக்கீங்க” என்று யாராவது தூக்கி வைத்தால் அவளுக்குப் பிடிக்காது. “பார்த்தா தெரியாது. எல்லாம் ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் வருது. இருமல், காய்ச்சல், உடம்பு வலி. நான் கேக்கறதெல்லாம் வாசல் வரைக்கும்தான் கூட்டிட்டுப் போகும். உள்ள யார் உட்கார்ந்திருக்கான்னு குச்சிதான் சொல்லணும். குச்சிக்கும் சில நாள் கண்ணு தெரியாது” என்பாள்.

நோய்க்குச் சரியான பெயர் தெரிந்தாக வேண்டும் என்கிற பிடிவாதம் அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்தது, அதுவும் அந்த வீட்டுக்காரர்கள் செய்த தப்பிலிருந்து. அப்பா பக்கத்தில் எந்த நோவு வந்தாலும் “தண்ணி மாறிடுச்சு.” அம்மா பக்கத்தில் “காத்து பட்டுடுச்சு.” இந்த இரண்டு பெயரை வைத்துக்கொண்டே இரண்டு குடும்பமும் மூன்று தலைமுறையை ஓட்டிவிட்டது. அப்பாவுடன் பிறந்தவர்கள் ஐந்து பேர். அதில் மூத்த அத்தைக்கு நான்கு பிள்ளைகள். இரண்டாமவன், முன்பல் கொஞ்சம் தூக்கலாக இருப்பவன், தண்ணி மாறிய கணக்கில் ஒரு வருடம் இருமினான். கடைசியில் எவரோ படம் எடுத்துப் பார்க்கச் சொல்லி, காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரை விழுங்கி எழுந்துவிட்டான். இன்றைக்கு மூன்று பெண்களுக்குத் தகப்பன். பெயர் தெரியாமல் படுத்தது ஒரு வருடம், பெயர் தெரிந்த பிறகு ஆறு மாதம் என்று அந்த வீட்டில் எண்ணிப் பார்த்தவள் பதினாறு வயதில் இருந்த இவள் ஒருத்திதான்.

அவளுடைய மேசையில் இரண்டு சீட்டுப் புத்தகங்கள். மஞ்சள் சீட்டு கிடைத்தால் ஐந்து நாள் வீட்டை விட்டு நகரக் கூடாது, யந்திரக் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அந்த ஐந்து நாளும் அவரவர் விடுப்பிலிருந்து கழியும். வெள்ளைச் சீட்டு என்றால் வெறும் சளி. முகமூடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம். இதுதான் விதி. விதி இருந்தால் அதற்கு ஒரு சந்து இருக்குமே, அந்தச் சந்தைக் கண்டுபிடித்தவர் வாத்தியார்.

வாத்தியார் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாத்தியாராக இருந்ததில்லை. காகிதம் மடிக்கும் யந்திரத்தில் முப்பத்திரண்டு வருடம் நின்றவர். ஐம்பத்தெட்டு வயது. மெலிந்த உடம்பு, ஊதித் தள்ளிய சிகரெட்டுகளில் கறுத்த உதடு, மேல்பையில் எப்போதும் இஸ்திரி போட்டு நான்காக மடித்த கைக்குட்டை. மணியக்கா இன்ன இன்ன கேட்பாள், இன்ன பதில் சொன்னால் இன்ன நிறச் சீட்டு என்று முதலில் புரிந்துகொண்டு, பதில்களைப் பாடமாகவே கட்டி, சாப்பாட்டு வரிசையில் நின்றபடி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அதனால்தான் வாத்தியார். பாடம் இரண்டு. வீட்டில் படுக்க விரும்புகிறவனுக்குக் காய்ச்சல் பாடம்: “மூணு மணி சிஸ்டர், கரெக்டா மூணு மணி, குடம் தூக்கினேன், கீழ வெச்சுட்டேன், உடம்பெல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி, வீட்ல எல்லாருக்கும் இருக்கு.” விடுப்பைச் செலவழிக்க மனமில்லாதவனுக்குச் சளிப் பாடம். அதை அவர் நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்லுவார். சிரிப்பு எழும். தாமதித்தவனை “டேய், மூச்சு விடாமச் சொல்லு, மூச்சு விட்டா மணியக்கா உள்ள புகுந்துடுவா” என்பார்.

மணியக்காவுக்கு இது தெரியாது என்று நானூறு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டே வாரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே நாளில் ஏழு பேர் கரெக்டாக மூன்று மணிக்குக் குடம் தூக்கினால் யாருக்குத்தான் தெரியாது? அதில் ஒருவன் குழாய்த் தண்ணீர் வருகிற மாடி வீட்டில் இருப்பவன். அவள் காட்டிக்கொள்ளவில்லை. காய்ச்சல் பாடம் சொன்னால் காய்ச்சல் கோல் பொய் சொல்லாது. சளிப் பாடம் சொல்கிறவன் வேலை செய்யத்தானே கேட்கிறான், போகட்டும் என்று விட்டாள். அந்தப் ‘போகட்டும்’தான் பின்னால் அவளைத் தூங்க விடாமல் செய்தது.

போன பருவத்தில் ஊரெல்லாம் ஃப்ளூ. பள்ளி திறக்க மூன்று வாரம்கூட இல்லை. புத்தகங்கள் முடிந்தாக வேண்டும். வெயில் காலத்தில் காகிதம் காய்ந்து சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு யந்திரத்துக்குள் போகாது என்பதால், கூடத்தின் கூரையில் ஓடும் குழாய்களிலிருந்து பனி மாதிரி தண்ணீரைத் தூவிக்கொண்டே இருப்பார்கள். பனிக் குழாய் என்றே அதற்குப் பெயர். எட்டு நாளில் இருபத்து மூன்று பேர் இருமிக்கொண்டு வந்தார்கள். பதினான்கு பேருக்குக் குச்சியில் ஃப்ளூ. ஒன்பது பேருக்கு ஃப்ளூவும் இல்லை, கொரோனாவும் இல்லை. குச்சிக்குக் கண் தெரியாத நாளாக இருக்கும் என்று அந்த ஒன்பதையும் நோட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு வாசலில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஏழாவது ஆளாக வாத்தியார் வந்து உட்கார்ந்தார்.

“என்ன அண்ணே, நீங்களே வந்துட்டீங்க?”

“சும்மா ஒரு வெள்ளைச் சீட்டுக்குத்தான் தங்கச்சி. மேஸ்திரி இருமறவனை உள்ள விட மாட்டேங்கறான். அவனுக்கு ஒரு காகிதம் வேணும். அவன் பொண்டாட்டிகிட்ட வாங்கற திட்டுக்கு எங்ககிட்ட அதிகாரம் பண்றான்.”

அவர் ஏன் மஞ்சளுக்குப் பயப்படுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஒரே மகள், கடல் தாண்டிக் கட்டிக் கொடுத்தது. முதல் பேறுகாலம். மாமியார் இல்லாத வீடு. கணவனும் மனைவியுமாகப் போய் இருந்து பார்த்துக்கொள்வதற்காக, அந்த மனிதர் ஒரு வருடம் தலைவலிக்குக்கூட விடுப்பு எடுக்காமல் பதினெட்டு நாள் சேர்த்து வைத்திருந்தார். புறப்பட இன்னும் மூன்று வாரம்.

வெள்ளைப் புத்தகத்தைத் திறந்து அவர் பெயரை எழுதத் தொடங்கிக்கொண்டே, “எத்தனை மணிக்கு?” என்றாள்.

வாத்தியார் பாடத்தை எடுத்தார். “நேரமெல்லாம் சொல்ல முடியாது தங்கச்சி, மெதுவா வந்துச்சு, முதல்ல தொண்டை கரகரன்னு...” நின்றது. “அப்புறம் தும்மல், அப்புறம் மூக்கு தண்ணியா ஒழுகுது, காய்ச்சல் இல்ல...” மறுபடி நின்றது. “பசி இருக்கு, வாசனை தெரியுது...” மூன்றாவது முறை நின்று, வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டு, “வீட்ல எல்லாருக்கும் லேசா இருக்கு” என்று முடித்தார்.

பேர், பிரிவு, ‘சாதாரண ச’ வரை எழுதியிருந்த பேனா அங்கேயே நின்றது.

பதினோரு பேர் வாயால் அந்தப் பாடத்தை அவள் கேட்டிருக்கிறாள். அதைக் கட்டியவரே மூன்று இடத்தில் நின்று அவள் கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தாள். மூக்கு தண்ணியாக ஒழுகுகிறவரின் கைக்குட்டை மேல்பையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

“வீட்ல எல்லாருக்கும்னா யார் யாருக்கு அண்ணே? இருக்கறது அண்ணி ஒருத்திதானே?”

“அவளைச் சொன்னா... ஊரையே சொன்ன மாதிரிதான்.” சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

மணிக்கட்டைப் பிடித்தாள். தோல் சுட்டது. நிமிடத்துக்கு முப்பது மூச்சு. இழுப்பறையிலிருந்து, ரத்தத்தில் பிராண வாயு எவ்வளவு என்று காட்டும் விரல் கவ்வியை எடுத்து அவர் விரலில் மாட்டினாள். சளிப் பாடம் சொல்கிறவர்களுக்கு அதுவரை அவள் அதை மாட்டியதே இல்லை. நல்ல நெஞ்சுக்குத் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு காட்ட வேண்டியது. தொண்ணூற்றொன்று என்றது.

“வண்டியை எடுக்கச் சொல்லுங்க” என்று வாசலில் நின்றவர்களிடம் சத்தம் போட்டாள்.

“தங்கச்சி, மகள்...”

“மகளைப் பார்க்க நீங்க இருக்கணும்ல? எழுந்திரிங்க. நடக்க வேணாம், நாற்காலியோட தூக்குவாங்க.”

“நாற்காலியோடயா? நான் என்ன மாப்பிள்ளையா?” என்றார் வாத்தியார். அந்த வாக்கியத்திலும் ஓரிடத்தில் நின்றார்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. வேலையில் இருந்த டாக்டர் இளம்பெண். மூன்று நாளாக வீட்டுக்குப் போகாத முகம். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள், ஃப்ளூ இல்லை, கொரோனாவும் இல்லை. படம் எடுத்தார்கள், வலது நெஞ்சின் அடியில் வெள்ளையாக அப்பியிருந்தது. பிராண வாயு வைத்து, நெஞ்சுச் சளிக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஊசியைப் போட்டார்கள். “நிமோனியா சிஸ்டர். பார்த்துக்கறோம். நீங்க கிளம்புங்க” என்றாள் டாக்டர்.

மணியக்கா கிளம்பவில்லை. தாழ்வாரத்தில் ஒரு குப்பைத் தொட்டிக்கும் தண்ணீர்ப் பீப்பாய்க்கும் நடுவில் நின்றபடி வாத்தியாரின் மனைவிக்குப் போன் செய்தாள்.

“அண்ணி, உங்களுக்குச் சளி, காய்ச்சல் ஏதாவது?”

“எனக்கா? எனக்கு ஏன் வருது? கல்லு மாதிரி இருக்கேன். அவர்தான் மூணு நாளா ராத்திரியெல்லாம் சுட்டுப் பொசுக்கறார். நேத்து என்னைப் பார்த்து எங்க அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆபீஸ்ல சொல்லாதேன்னுட்டார். என்ன ஆச்சு சிஸ்டர்?”

ஆள் மாறிப் பேசுகிற அளவுக்குக் காய்ச்சல், ஒரே கட்டிலில் படுக்கிற மனைவிக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அவள் நோட்டைத் திறந்தாள். ஓரத்தில் ஒதுக்கிய ஒன்பது பேர். ஒன்பது பேரும் ‘வீட்டில் எல்லாருக்கும்’ என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு பாடத்துக்கும் கடைசி வரி அதுதானே. ஒவ்வொரு வீடாகப் போன் போட்டாள். ஒருவனுக்கு அம்மா எடுத்தாள், ஒருவனுக்கு மாமனார், ஒருவனுக்குப் பெரியம்மா மகள். “எங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்லையே, யார் சொன்னது?” என்று ஒன்பது வீட்டிலும் ஒரே பதில்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குச்சிக்குக் கண் தெரியாமல் இல்லை. அவளுடைய மூன்றாவது கேள்வியின் கண்ணைத்தான் பாடம் கட்டிவிட்டது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவாத ஏதோ ஒன்று. அப்படியானால் ஒன்பது பேருக்கும் எங்கிருந்து வந்தது? நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து யந்திரக் கூடத்தை வரைந்தாள். ஒவ்வொருவரும் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி. எட்டுப் புள்ளி மடிப்பு வரிசையில் விழுந்தது. ஒன்பதாவது ஆள் அந்த வரிசையைக் கூட்டிப் பெருக்குகிறவன். வாத்தியாரையும் சேர்த்துப் பத்து. மேலே பனிக் குழாய்களைக் கோடுகளாக இழுத்தாள். மூன்றாவது குழாய் பத்துப் புள்ளியின் தலைக்கு மேலேயும் போயிற்று.

டாக்டரிடம் அந்தக் காகிதத்தை நீட்டினாள்.

“என்ன சிஸ்டர் இது? வீடு கட்டப் போறீங்களா?”

“நாலு நிமிஷம் கேளுங்கம்மா. அப்புறம் திட்டுங்க.”

“எனக்கு ஒரு நிமிஷம் இல்ல. வெளியே பாருங்க, அறுபது பேர். எல்லாம் ஃப்ளூ.”

“அறுபதும் ஃப்ளூவா இருக்கட்டும். இவர் இல்ல. வீட்ல ஒருத்தருக்கும் இல்ல. கூட நிக்கற ஒன்பது பேர் வீட்லயும் ஒருத்தருக்கும் இல்ல. பத்துப் பேரும் ஒரே தண்ணியை மூச்சுல இழுத்திருக்காங்க. நீங்க போட்ட ஊசி இதுக்குப் பத்துமா, அது மட்டும் சொல்லுங்க. நான் போயிடறேன்.”

“தண்ணியா? என்ன தண்ணி?”

சொன்னாள். டாக்டர் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வெளியே யாரோ கத்தினார்கள், அவள் திரும்பவில்லை. “தண்ணித் தொட்டியில வளர்ற கிருமி ஒண்ணு உண்டு. ஃப்ளூ மாதிரியேதான் ஆரம்பிக்கும். இந்த ஊசிக்கு அது மசியாது” என்று தனக்குள் பேசுவதுபோல் சொல்லிவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டு, சிறுநீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொன்னாள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருந்தையும் மாற்றினாள். “உங்க மத்த ஒன்பது பேரையும் இன்னைக்கே வரச் சொல்லுங்க” என்றாள்.

மணியக்கா அச்சகத்துக்குத் திரும்பியபோது மணி மூன்று. மேலாளர், முதலாளியின் மூத்த மருமகன், தன் அறையில் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பனிக் குழாயை நிறுத்தணும் சார்.”

“நிறுத்தினா காகிதம் சுருளும். பள்ளிக்கூடம் திறக்கப் பதினொரு நாள் இருக்கு. சோதனை முடிவு வந்துச்சா?”

“நாளைக்குக் காலையில வரும்.”

“அப்ப நாளைக்குப் பேசுவோம். ஒரு நாள்ல என்ன ஆகிடப் போகுது?”

“வாத்தியாருக்கும் நேத்து வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு.”

“சிஸ்டர், நீங்க மாத்திரை குடுங்க. மெஷினை நாங்க பார்த்துக்கறோம்.”

“சரி சார்” என்றாள். தன் அறைக்குப் போய் மஞ்சள் புத்தகத்தையும் நாற்காலியையும் எடுத்துக்கொண்டாள். முகமூடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூடத்து வாசலில், குழாய் எட்டாத இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். முதலில் மடிப்பு வரிசை. பிறகு தையல் வரிசை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். மஞ்சள் சீட்டு வாங்கியவன் கூடத்துக்குள் நிற்கக் கூடாது என்ற விதியை எழுதியது அச்சகம்தான். பதினெட்டாவது சீட்டில் ஒவ்வொரு யந்திரமாக நிற்கத் தொடங்கியது. இருபத்து மூன்றாவது சீட்டுக்கு மேலாளர் படியிறங்கி ஓடி வந்தார்.

“என்ன பண்றீங்க? எல்லாரும் நல்லாத்தானே நிக்கறாங்க?”

“எழுதறது என் வேலை சார். தப்புன்னா நாளைக்குக் காலையில என்னை அனுப்பிடுங்க. புத்தகத்துல இன்னும் எழுபது சீட்டு இருக்கு.”

மேலாளர் புத்தகத்தைப் பார்த்தார், நின்ற யந்திரங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மேலே கையைக் காட்டினார். பனி நின்றது. அந்தக் கூடத்தில் வெயில் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த ‘ஸ்ஸ்’ சத்தம் நின்றதும், எல்லோரும் தங்கள் காதையே தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

பனிக் குழாய்களுக்குத் தண்ணீர் போகும் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன் வாத்தியாருக்கு உறவு. மனைவியின் கடைசித் தம்பி. அவரே பேசிச் சேர்த்துவிட்டவன். அவன் மணியக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“தொட்டி கழுவி ஏழு வாரம் ஆச்சு சிஸ்டர்.”

“வாரா வாரம் மருந்து ஊத்திக் கழுவணுமே?”

“ஊத்தினா கண்ணு எரியுதுன்னு மூணாம் குழாய்க்காரங்க கத்தினாங்க. மச்சான்தான் சொன்னார், ‘விடுடா, புத்தகம் முடியட்டும், நல்ல தண்ணிதானே’ன்னு. அவர் சொன்னா நான் மீற மாட்டேன்.” அவன் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். “அவர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க சிஸ்டர். தெரிஞ்சா அதுலயே போயிடுவார்.”

“முதல்ல மூடியைத் திற. கையில உறை போடு, முகமூடி கட்டு” என்றாள் அவள்.

தொட்டியின் உட்சுவர் மீன் தொட்டி மாதிரி வழவழவென்று இருந்தது.

மறுநாள் காலை முடிவு வந்தது. தண்ணீர்க் கிருமிதான். ஒன்பது பேரில் இருவரைப் படுக்கவைத்தார்கள், ஒரு வாரத்தில் எழுந்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு லேசு. வாத்தியார் பதினொரு நாள் கண்ணாடி அறையில் இருந்தார். அதில் நான்கு நாள் அவருக்காக யந்திரம்தான் மூச்சு விட்டது. அந்தப் பதினொரு நாளும் வேலை முடிந்ததும் மணியக்கா போனாள். உள்ளே விட மாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று, மார்புக் கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்து, அவர் நெஞ்சை எண்ணிவிட்டு வருவாள். சேர்த்து வைத்த பதினெட்டு நாள் கட்டிலிலேயே கரைந்தது. பேத்தி பிறந்தபோது பாட்டி மட்டும் கடல் தாண்டிப் போனாள். தாத்தா போனில் பார்த்தார்.

ஏழு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, வேலைக்குச் சேரச் சீட்டு வாங்க வந்து உட்கார்ந்தார். சட்டைக்குள் இன்னொரு ஆள் இறங்குவதற்கு இடம் இருந்தது. மேல்பையில் அதே கைக்குட்டை.

“நேத்து போன்ல பேத்தி தும்மினா தங்கச்சி. ‘எத்தனை மணிக்கு’ன்னு கேட்டேன். மகள் போனை வெச்சுட்டா.”

மணியக்கா சிரித்தாள். விரல் கவ்வியை மாட்டினாள். இப்போதெல்லாம் வெள்ளையோ மஞ்சளோ, வாசலுக்குள் வருகிற எல்லோர் விரலிலும் அது ஏறுகிறது. வீட்டில் யாருக்கு என்று கேட்ட கையோடு அவளே வீட்டுக்குப் போனும் போடுகிறாள். தொண்ணூற்றாறு என்றது கவ்வி. அவள் அதோடு விடவில்லை.

“பாடம் சொல்லுங்க அண்ணே.”

“என்ன பாடம்?”

“சளிப் பாடம். ஒரே மூச்சுல.”

வாத்தியாரின் கறுத்த உதடு திறந்தபடியே இருந்தது. “உனக்குத் தெரியுமா?”

“ஏழு பேர் ஒரே மணிக்குக் குடம் தூக்கின அன்னைலேர்ந்து தெரியும். சொல்லுங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு தொடங்கினார். நேரமெல்லாம் சொல்ல முடியாது, மெதுவா வந்துச்சு, தொண்டை கரகர, தும்மல், மூக்கு, காய்ச்சல் இல்ல, பசி இருக்கு, வாசனை தெரியுது. அவள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் நெஞ்சையே பார்த்தாள். கடைசி வரிக்கு வந்ததும் அவர் குரல் தாழ்ந்தது, ஆனால் நிற்கவில்லை. “வீட்ல எல்லாருக்கும் லேசா இருக்கு.”

“ஒரு இடத்துலயும் நிக்கல” என்று சொல்லிக்கொண்டே வேலைச் சீட்டை எழுதத் தொடங்கினாள்.

அப்போதுதான் வாத்தியார் கவனித்தார். மேசைமேல் போட்டிருந்த கண்ணாடிக்கு அடியில் ஒரு வெள்ளைச் சீட்டு. தலைகீழாகத் தெரிந்தாலும் தன் பெயர் யாருக்குத்தான் அடையாளம் தெரியாது? பெயர், மடிப்புப் பிரிவு, அந்தத் திங்கட்கிழமைத் தேதி, ‘சாதாரண ச’. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

“இதை ஏன் இன்னும் வெச்சிருக்கே தங்கச்சி? கிழிச்சுப் போடு. தப்பெல்லாம் என்னுது. பாடம் கட்டினது நான், தொட்டியை விடச் சொன்னதும் நான்தான். மச்சினன் மறைக்கறான், எனக்குத் தெரியாதா?” அவர் கண்ணாடியின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துத் தூக்கி, சீட்டின் முனையைப் பிடித்து இழுத்தார்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அவர் கையிலிருந்து சீட்டை மெதுவாக வாங்கி, மடங்கிய முனையைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள். பிறகு எழுத்துகள் தன் நாற்காலியைப் பார்க்கும்படி நேராக வைத்து, மறுபடி கண்ணாடிக்கு அடியில் தள்ளி, உள்ளங்கையால் அழுத்தினாள்.